கால் சுற்று

கீழ்வீட்டு மேடம் கோ
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன காகிதத்தில்
எழுத்து எதுவுமில்லை, ஒரு படம் மட்டும்:
அவர் குளியலறைக் கூரையில்
தேநீர் கொட்டியதுபோல் ஓர் ஈரத்திட்டு.
கோபமான கடிதமென்றால் பதில் எழுதியிருப்பேன்.

கசிவது கழிப்பறைத் தொட்டியடியில் இருக்கும் சின்ன வால்வு.
புதியது வாங்கிவிட்டேன், பன்னிரண்டு வெள்ளி.
அதைப் பூட்ட
வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்தவேண்டும்.
குழாய்க்காரர் போனில் சொன்ன தொகைக்கு
பாத்தாமுக்கு இரண்டு முறை படகில் போய் வரலாம்.

ஏழாம் மாடி நடையில்
மீட்டர் அலமாரியைத் திறந்தேன்.
நான்கு வீட்டுக்கு நான்கு வால்வு.
எண் எழுதிய ஒட்டுத்தாள்கள் எப்போதோ உதிர்ந்திருந்தன.
இடமிருந்து இரண்டாவது எனக் கணக்குப் போட்டேன்.
தொட்டதும் திரும்பியது, வெண்ணெயாய்.
எனக்கே என்மேல் மரியாதை வந்த நொடியில்
அடுத்த வீட்டுக்குள் ஒரு கூச்சல்.
இடுப்பில் துண்டு, தலை முழுக்க நுரை,
கதவைத் திறந்தார் சுல்கிஃப்லி அண்ணன்:
"இத்து சாயா புஞா!"
அவருடையதுதான்.
மன்னிப்புக் கேட்டுத் திறந்துவிட்டேன்.

என்னுடையது மூன்றாவது.
திரும்பும் பொருள்தான் தானென்பதை மறந்து
குழாயோடு குழாயாய்ச் சமைந்திருந்தது.
பேனாக்கத்தியால் தண்டைச் சுற்றிக் கீறினேன்:
சாம்பலுக்கு அடியில் வெள்ளை,
வெள்ளைக்கு அடியில் பிஸ்தாப் பச்சை.
நடைபாதைக்குச் சாயம் பூச வந்தவர்களெல்லாம்
போகிறபோக்கில் இதற்கும் ஒரு கை போட்டிருக்கிறார்கள்.

பெர்த்திலிருந்து தம்பி வீடியோவில் வந்தான்.
"சுத்தியல் இருக்கா? ஓங்கி ஒண்ணு போடு."
அடி உதவுறமாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள்.
பழைய பித்தளை விஷயத்தில்
இரண்டுமே உதவாது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எண்ணெய் பீய்ச்சினேன்.
உள்ளே போய்த் துணி மடித்தேன்.
மறுபடி பீய்ச்சினேன்.
நீள வயரை வாசலுக்கு இழுத்து
ஹேர் டிரையரால் வால்வுக்குத் தலை உலர்த்தினேன்.
லிப்டிலிருந்து வந்த பள்ளிப்பையன் ஒருவன்
நின்று பார்த்தான், ஒன்றும் கேட்காமல் போனான்.

தண்டடி நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
குழாய் முறுக்கிக்கொள்ளாதிருக்க
இடக்கையில் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு,
மூட வேண்டியதை முதலில் திறக்கப் பார்த்தேன்.
அசையவில்லை.
மூடப் பார்த்தேன். அசையவில்லை.
திற. மூடு. திற.
அலுவலகத்தில் யார்மீதோ இருந்த கோபம்
மணிக்கட்டுக்கு இறங்கியபோது
நிறுத்தினேன்.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்,
அதே தண்ணீர்தான்.

பிறகு ஒரு சத்தம்.
சத்தமென்று சொல்வதற்கில்லை,
பல்லிடுக்கில் மணல் அரைபட்டதுபோல.
மயிரிழை நகர்ந்தது. திரும்ப வந்து
இரண்டு மயிரிழை.
முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம்,
காலை ரயிலுக்குள்
சாரி சாரி என்று இடம் பிடிப்பதுபோல்
கால் சுற்று.
அப்புறம் அதற்கே பழகிவிட்டது.

தண்டோரம் ஒரு துளி எட்டிப்பார்த்தது.
நட்டைச் சற்று இறுக்கினேன், உள்ளே போய்விட்டது.
வீட்டுக்குள் சமையலறைக் குழாய்
இருமி, துப்பி, ஓய்ந்தது.
இத்தனை நாளும் குளிர்பெட்டி
இவ்வளவு சத்தமாகவா ஓடிக்கொண்டிருந்தது?

மற்றது பத்து நிமிட வேலை.
முடிந்தபின் முழுக்கத் திறந்து
கால் சுற்று பின்னால் விட்டுவைத்தேன்.
முட்ட முட்டத் திறந்து வைத்தால்
அப்படியே இறுகிக்கொள்ளுமாம்.
நான்கு வால்வுக்கும் வீட்டெண் எழுதி ஒட்டினேன்.

மேடம் கோவின் கூரை காய இரண்டு வாரம் ஆனது.
அவரிடமிருந்து இன்னொரு படம் வந்தது,
வெறும் வெள்ளை.

சுல்கிஃப்லி அண்ணன் மட்டும்
இன்றைக்கும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
என் கம்பிக்கதவைத் தட்டுகிறார்:
"போலே மண்டி?"
குளிக்கலாமா?