நாற்பது சொற்கள்

அட்டை உள்ளங்கை அகலம்.
நாற்பது சொல்லுக்கு மேல் கொள்ளாது.
அதற்குள் எழுதியாக வேண்டும்
ஹெர்வின் ஸ்லாபிங்க் யார் என்று.

இந்தப் புகழ்க்கூடத்தில்
படங்களுக்குக் கீழே எழுதுவது
இருபத்தாறு வருடமாக என் வேலை.
பெல்ஜியத்தின் மேற்கோரம், ஔடன்பேக்கா.
பீட்ரூட் வயல், ஈரக்காற்று, சைக்கிள்.
வேறு பெருமை எங்களுக்கு இல்லை.

அணியின் பழைய மசாஜ்காரர்
சாகுமுன் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.
தேதி, மருந்து, அளவு,
எந்தத் தொடை என்பது கூட.
பதினேழு பக்கங்களில் ஹெ. ஸ்.

குழு கூடியது.
இறக்கிவிடுவோம் என்றார் நோட்டரி.
அந்தக் காலத்தில் யார்தான் போடவில்லை,
ஊரோடு ஒத்து மிதித்தான் என்றார் பேக்கரிக்காரர் மார்டென்.
பெயருக்கு மேல் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி
என்று இழுத்தார் இன்னொருவர்.
நட்சத்திரத்துக்கே நட்சத்திரமா,
யாரோ சிரித்தார்கள். காபி ஆறியது.
முடிவு: படம் இருக்கட்டும், அட்டையை மாற்று.
அதாவது
முழுப் பூசணிக்காயை
நாற்பது பருக்கையில் மறை.

முதல் வரைவில் 'வென்றார்'.
அடுத்ததில் 'வென்றதாக அறிவிக்கப்பட்டார்'.
மூன்றாவதில் வினைச்சொல்லே இல்லை.

மகள் அன்னேலீன் வந்தாள்.
கண்ணாடிக்குள் இருக்கும் மஞ்சள் பனியன் அவள் தந்தது.
"கழற்றுவதென்றால் என் கையில் கொடுங்கள்,
கிடங்கில் எலி.
வைப்பதென்றால் இதையும் எழுதுங்கள்:
நாற்பத்து நான்கு வயது. தூக்கத்தில். இதயம்.
பள்ளிக்கு நேரமாகிறதென்று
எழுப்பப் போனது நான்தான்."

எழுதினேன்.
ஐந்து சொல் போயிற்று.

நானும் அங்கே இருந்தேன், அதை எங்கே எழுத?
ஒன்பது வயது. கல் பாவிய மேடு. கொட்டும் மழை.
கைக்கெட்டும் தூரத்தில் அவர் கடந்தபோது
சக்கரம் தெறித்த சேறு என் சட்டைக் கையில்.
கத்திய கத்தலில்
இரண்டு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை.
ஊக்கமருந்து அவர் ரத்தத்தில் இருந்தது சரி,
அந்தத் தொண்டை வலி என்னுடையது.
அதையுமா திருப்பிக் கொடுக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை ஃபிர்மின் லோடென்ஸ் வந்தார்.
அந்தப் பந்தயத்தில் பதினொன்றாவது.
ஊசி வேண்டாம் என்றவர்;
அடுத்த வருடம் அணி இவர் வேண்டாம் என்றது.
முப்பது வருடம் பால் லாரி ஓட்டினார்.
இந்தக் கூடத்தில் அவருக்கு ஓர் ஆணி இல்லை.

நுழைவுச்சீட்டு வேண்டாமென்றேன்.
நான்கு யூரோவைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.
மேசையில் கிடந்த வரைவை
உதடசையப் படித்தார், வெகுநேரம்.
கோபமோ மன்னிப்போ,
எது வந்தாலும் அட்டையில் இடம் வைத்திருந்தேன்.

விரல் ஒரு சொல்லில் நின்றது.
"இது தப்பு. அன்று மழை இல்லை.
சுள்ளென்ற வெயில், எதிர்க்காற்று.
மேட்டில் புழுதி பறந்து
முன்னால் போனவன் முதுகே தெரியவில்லை."
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய செய்தித்தாள்களை இறக்கிப் பார்த்தேன்.
படத்தில் ஒரு குடை இல்லை.
ஜனங்கள் கண்ணுக்கு மேல் கைவைத்துக்
கூசிக்கொண்டு நிற்கிறார்கள்.
அப்படியானால் என் சட்டையில் தெறித்த சேறு?
எனக்கும் யாரோ
தெரியாமல் போட்டிருக்கிறார்கள் ஓர் ஊசி.

'மழை'யை அடித்தேன். 'எதிர்க்காற்று' எழுதினேன்.
நோட்டைப் பற்றி ஒரு வரி, சுற்றி வளைக்காமல்.
'வென்றார்' என்பதைத் திரும்ப வைத்தேன்,
கோட்டை முதலில் தாண்டியது அவர்தான்.
'மாவீரர்', 'என்றும்', 'ஈடிணையற்ற' மூன்றையும் எடுத்த இடத்தில்
பதினொன்றாவது: ஃபிர்மின் லோடென்ஸ்.

பசை காயுமுன் மார்டென் வந்து குனிந்து படித்தார்.
"இது யார், கடைசியில்?"

அன்று மழை பெய்யவில்லை என்று
தெரிந்தவர், என்றேன்.