கூட்டல் கழித்தல்

நுவாதிபூவில் காற்று வடக்கிலிருந்து வந்தால்
ஆய்வகத்துச் சன்னலெல்லாம் இரும்புத் தூள்.
பாலைவனத்து ரயில் சிந்திவிட்டுப் போனது.
ஹாரூனா துடைப்பான். துடைத்துக்கொண்டே திட்டுவான்.
எனக்கு அந்தத் தூள்மேல் பொறாமை.
எத்தனை டன் ஏறிற்று, எத்தனை டன் இறங்கிற்று,
யாரைக் கேட்டாலும் தெரியும்.
எங்களுக்கோ
கண்ணில் படாததை எண்ணச் சொல்லிச் சம்பளம்.

விடியலில் இறங்குதுறை.
அளவுப் பலகை, தராசு,
ஈரத்தில் எழுதும் பென்சில்.
பேய்க்கணவாய்க்கு எலும்பில்லை.
நான் அளந்தால் பதினான்கு,
ஹாரூனா அளந்தால் பதினைந்தரை.
செத்த பிறகும் அடங்காத எட்டுக் கைகளும்
பலகையைப் பற்றிக்கொண்டால்
யார் அளந்தாலும் பன்னிரண்டு.
அதனால் எடையை நம்புகிறோம்.

செத்தவற்றை விசாரித்து
உயிரோடிருப்பவற்றின் தொகை சொல்வது தொழில்.
தொகையின் பக்கத்தில் ஒரு குறி போடுவோம்:
மேலே கூட்டல், கீழே கழித்தல்.
அந்தக் கோட்டிடுக்கில்தான்
நாங்கள் அறியாத கடல் முழுவதும்.
அமைச்சகம் வாசிக்கும்போது
குறியை விட்டுவிட்டு வாசிக்கும்.

இந்த வருடம் தடைக்காலத்தை
இன்னும் இரண்டு வாரம் நீட்டச் சொன்னது எங்கள் அறிக்கை.
கூட்டத்தில் உமார் கெலாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.
"ஸ்னெய்பா, உன் மேசையில் எத்தனை கடல் இருக்கிறது?
படகுக் கடனுக்கு வட்டி தடைக்காலம் பார்க்குமா?"
இயக்குநர் தண்ணீர் குடித்தார்.
நான் என் காகிதங்களை அடுக்கினேன்,
அடுக்கியவற்றையே மறுபடி அடுக்கினேன்.

தடைக்கு முந்தைய மாலை
அவரே வந்தார், ஆய்வகத்துப் பின்வாசல் வழியாக.
கையில் ஒரு பிளாஸ்டிக் பானை,
ஈரச்சாக்கு மூடி, உள்ளே கடல்நீர்.
பானைச் சுவரில் சரம் சரமாக முட்டைகள்,
நனைந்த அரிசி போல.
முன்னால் அவள், கைகளால் அடைத்துக்கொண்டு.
"விற்க மனம் வரவில்லை. திருப்பிப் போடவும் மறந்துவிட்டேன்.
இதையும் எழுதிக்கொள்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நீளம், எடை, பால், இறக்கிய இடம்.
'குறிப்பு' என்று இருந்த அரை அங்குலத்தில்
எழுதினேன்: அடைகாக்கிறாள். 1140 கிராம்.

தொட்டியில் வைத்தோம்.
நண்டு போட்டால் பார்ப்பதில்லை.
நீரை ஊதி ஊதி முட்டைகளைக் கழுவுவாள்,
கை நுனியால் ஒவ்வொரு சரமாகத் தடவுவாள்.
ஹாரூனா திட்டுவதைக் குறைத்தான்.
உமார் மணலில் கவிழ்த்த படகுக்குத் தார் பூசிவிட்டு
அந்த நாற்றத்தோடே வந்து நிற்பார்.
யாரும் அதிகம் பேசியதில்லை.
ஒருமுறை மட்டும் கேட்டார்:
"இவளுக்கும் சம்பளம் இல்லையா?"

நாற்பத்து மூன்றாம் நாள் இரவு
தொட்டி முழுவதும் புள்ளிகள்,
புள்ளிக்கு இரண்டு கண்கள்.
காலையில் அவள் பானைக்கு வெளியே கிடந்தாள்,
வெளுத்து, கைகள் விரித்து.
பழக்கம் விடவில்லை, நிறுத்துப் பார்த்தேன்.
நானூற்று எழுபது.
விதிப்படி
கரைக்குக் கொண்டுவரக் கூடாத எடை.
ஹாரூனா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

வாளிகளில் அள்ளிப்போய்
பழைய துறைமேடையிலிருந்து ஊற்றினோம்.
நீரின் நிறம்கூட மாறவில்லை.
"எத்தனை திரும்பி வரும்?" என்றார் உமார்.
ஒரு எண் சொன்னேன், மிகச் சிறிய எண்.
வழக்கம்போல் கூட்டல் கழித்தலும் சொன்னேன்.

அவர் எண்ணைக் கேட்டுக்கொள்ளவில்லை.
"அந்தக் குறி என்ன, அதைச் சொல்" என்றார்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.
காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது.
உதட்டில் இரும்பு.