மாசு

நவம்பர். முனிர்க்காவில் மூன்றாம் மாடி.
அவுட்டர் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில்
நேற்றிரவு பதினொரு மணிக்குப்
பத்தொன்பது ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.
இன்று ஏழு.
மற்ற பன்னிரண்டு வீட்டுக்காரர்களும்
சீக்கிரமே படுத்துவிட்டார்கள் என்று நம்ப
எனக்கு இது டெல்லியில் முதல் குளிர்காலமா என்ன.

என் பிழைப்பும் இதுதான்:
இல்லாத நட்சத்திரங்களை எண்ணுவது.
ஒரு சதுரத்தில் இத்தனை இருந்தாக வேண்டும்,
இருப்பவை இத்தனை,
கழித்துப் பார்த்தால்
குறுக்கே நிற்கும் தூசியின் தடிமன் வந்துவிடும்.
வானத்தில் ஓட்டை என்றுதான்
ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.
ஓட்டையில்லை, சுவர்.
சிகரெட் புகை அளவே நைசான பொடி,
ஒளியாண்டுக் கணக்கில் அடுக்கி வைத்தது.

மாசு என்ற சொல்லுக்கு
அகராதியில் அழுக்கு என்று இருக்கிறது,
குற்றம் என்று இருக்கிறது,
இன்னும் கீழே, யாரும் எடுத்துப் புழங்காத பொருளாக
மேகம் என்றும் இருக்கிறது.

என் மேகத்துக்குப் பெயரில்லை, எண்தான்.
மூன்று வருடமாக அட்டவணையில் அதன் எதிரே
நானே தட்டிய சொல்: வெறுமை.
பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்து மூன்று பாகை.
அவ்வளவு குளிர்ந்தால்தான் சரியும்.
சூடாக இருப்பது தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கும்,
எதுவாகவும் ஆகாது.
இதைச் சொன்னபோது ஜஸ்கீரத்
ஹீட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.
"அப்போ உனக்கு இது எதுக்கு?"

இன்று மாலை, நீண்ட அலைநீளத்தில் எடுத்த புதுப் படம்
நாலு முறை அறுந்து ஒருவழியாக இறங்கியது.
பின்னணியைக் கழித்தேன்.
நடுவில் ஒரு புள்ளி.
கண்ணாடியைத் துடைத்தேன். திரையைத் துடைத்தேன்.
விரலில் கறுப்பாக டெல்லி வந்தது,
புள்ளி போகவில்லை.
பழுதான பிக்சலாக இருக்கும் என்று
வேறோர் இரவின் படத்தில் தேடினேன்.
அங்கேயும் அதே இடத்தில்,
அதே பிடிவாதத்தில்.

இன்னும் நட்சத்திரம் இல்லை அது. பற்றவில்லை.
விழுகிற பொடியின் சூடு மட்டும்.
நான் திட்டிக்கொண்டிருந்த சுவர்தான்
வெளிச்சம் தொட்டுக் கலைத்துவிடாமல்
மறைத்து நின்றிருக்கிறது,
தன்னையே கொஞ்சங் கொஞ்சமாக
உள்ளே கொட்டிக்கொண்டு.

இதை வைத்து இந்த ஊர்ப் புகைக்கு
நியாயம் பேசமாட்டேன்.
இது டீசல், வைக்கோல், யாரோ எரித்த டயர்.
கீழ்த்தளத்துத் தன்வர் வீட்டுப் பையன்
இந்நேரத்திலும் இருமிக்கொண்டிருக்கிறான்.
இதில் எதுவும் பிறக்காது.

இரண்டரை மணிக்கு அட்டவணையைத் திறந்து
அந்தச் சொல்லை அழித்தேன்.
பதிலுக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
ஒரு கேள்விக்குறி.
ஜன்னலுக்கு வந்து பார்த்தால், நான்கு.

அந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது
எண்ணிக்கொண்டிருக்கலாம்.
கணக்கு பிசகக் கூடாதென்று
விளக்கை அணைக்காமல் படுத்தேன்.
காலையில் ஜஸ்கீரத் திட்டுவான்,
கரண்ட் பில் அவன் முறை.