குடிச்சாச்சா

மார்க்கத்தில் எங்கள் கட்டடத்து லிப்டில்
நாலாம் இலக்கம் கிடையாது, பதின்மூன்றும் கிடையாது.
பயப்படுகிறவர்கள் எல்லோருக்கும்
ஆளுக்கொரு மாடி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த பதினோராம் நாள்
எதிர்வீட்டு லாய்க்வான் கதவைத் தட்டினாள்.
கையில் பிஸ்கட் டின். உள்ளே பிஸ்கட் இல்லை.
செம்மரத்தில் கடைந்து வார்னிஷ் அடித்ததுபோல
ஒரு காளான்.
‘லிங்சி’ என்றாள், என் வயிற்றைக் காட்டினாள்,
கொதிக்கவை என்று விரலால் காற்றைக் கலக்கினாள்.
தட்டிப் பார்த்தேன். டொக்கென்றது.

சுகிர்தன் இறைச்சிக் கத்தியால் முயன்றான்;
கத்திக்குத்தான் பல் போனது.
தொட்டில் பூட்ட இரவல் வாங்கிய வாளை எடுத்து
குளியலறை வாசலில் குந்தியிருந்து அறுத்தான்.
வீடெல்லாம் தச்சுப்பட்டறைத் தூள்.
பிள்ளை ஒருமுறை தும்மியது.

எனக்கோ அப்போது நாளுக்கொரு ஊசி,
தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி,
இரத்தம் கட்டிபடாமலிருக்க.
பார்மசிக்காரி போனில் சொன்னாள்:
‘அந்த மருந்தோடு இது சேருமா என்று
எங்களுக்கே திடமாகத் தெரியாது.
தெரியாததால்தான் வேண்டாம் என்கிறேன்.’
காளான் துண்டுகள் ஜாம் போத்தலுக்குள் போயின.

மறுநாள் குப்பை போடும் அறையில்
லாய்க்வான் கேட்டாள்.
அவள் பேசுவது ஆங்கிலந்தான்,
இரண்டே இரண்டு சொல்,
என் காதில் விழும்போது அது
குடிச்சாச்சா.

ம். குடிச்சாச்சு.

அதோடு நின்றிருக்கலாம்.
கசப்பா என்றாள்; கசப்புத்தான், ஆனால் தொண்டைக்கு இதம் என்றேன்.
நித்திரை வருகிறதா என்றாள்; வருகிறது என்றேன்,
மூன்று நாளாகக் கண் மூடாத நான்.
அடுத்த நாள் கசப்புக்குத் துணையாகச்
சிவந்த பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள்.
அதை மட்டும் தின்றேன், ஒன்று விடாமல்.

வீட்டுக்கு வரும் தாதி கேட்பாள்:
எத்தனை நப்பி நனைந்தது, எத்தனை கிராம் ஏறியது.
பிரம்டனிலிருந்து சரக்குக்கறி அனுப்பும் மச்சாள் கேட்பாள்:
டப்பாவைக் கழுவி வைத்தாயா.
அம்மா போனில் கேட்பா:
பிள்ளை யாரைப் போல.

குடிச்சாச்சா.
குடிச்சாச்சு.
துடக்குக் கழிந்த பிறகும்,
லிப்டில், தபால் பெட்டியடியில்,
கதவுச் சந்தில் ஒரு கண்ணும் அரை முகமுமாக.

ஊசி முடிந்து இரண்டு கிழமை கழித்து
ஜாம் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்
அவளுடைய மேசையில் வைத்தேன்.
ஒரு துண்டும் குறையாத போத்தல்.
சொல்ல நினைத்த ஆங்கிலமெல்லாம் ஓடிவிட்டது.

அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.
ஐந்து வருடத்துக்கு முன் இவளும் குடிக்கவில்லையாம்.
மாமியார் போஷானிலிருந்து வீடியோவில் காவல்.
உதட்டில் வைப்பாளாம், விழுங்குவதுபோல் காட்டுவாளாம்,
படம் அணைந்ததும் மணிப்பிளாண்டுக்கு ஊற்றுவாளாம்.
அதோ, என்று காட்டினாள்.
ஜன்னல் முழுக்கப் படர்ந்து,
திரைச்சீலைக் கம்பியைச் சுற்றி,
பிரிட்ஜின் தலைக்கு மேலே வந்திருந்தது.

‘அப்ப எனக்கு ஏன் தந்தாய்?’

யோசித்தாள்.
மகன் நிலத்தில் லெகோ கொட்டுகிற சத்தம்.
‘பிள்ளை பெற்ற வீட்டுக்கு
வெறுங்கையோடு எப்படி வருவது?’

அன்று ஒரு துண்டைக் கொதிக்கவைத்தோம்.
ஆளுக்கொரு மிடறு.
மரத்தையும் மழையையும் சேர்த்து
யாரோ கருக்கியதுபோல இருந்தது.
மிச்சத்தைச் செடிக்குத்தான் கொடுத்தோம்,
பழகிய வாய்.

இன்று காலை லிப்டுக்குள்
தள்ளுவண்டியோடு நான், சந்தைப் பையோடு அவள்,
நடுவே தெரியாத மனிதர் இருவர்.
முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டாள்,
குடிச்சாச்சா?

இலக்கங்களைப் பார்த்தபடி சொன்னேன்,
குடிச்சாச்சு.