'சி' அடுத்த ஆண்டுக்கு

வினைச்சொல்லை வெட்ட வேண்டாம் என்றாள் பெகோன்யா.
இதுவரை படித்ததெல்லாம் வாலை நறுக்கி
வேறு வால் ஒட்டியது.
இதற்கு முழுச்சொல்லும் இருக்கட்டும்,
கடைசியில் ஓர் 'ஈயா' போதும்.
தோர்மீர். தோர்மிரீயா.
தூங்குவேன்தான், இப்போது இல்லை.

நாளெல்லாம் நெத்திலி அரிந்த கைக்கு
வெட்டாத ஒன்று கிடைத்தது.

சாந்தோன்யா துறைமுகம். மீனவர் சங்கத்து மாடி.
செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்குப் பதினோரு பேர்.
எங்கள் உப்பு வாடை எங்களுக்கு முன்னால் படியேறிவிடும்.
பெகோன்யா சன்னலைத் திறந்து வைப்பாள்,
ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அந்த ஈயின் தலையில் புள்ளிக்குப் பதில்
மீன்முள் அளவு ஒரு சாய்ந்த கோடு.
நான் மறப்பேன். அவள் சிவப்பில் வைப்பாள்,
நான் சதையிலிருந்து முள் எடுக்கும் அதே வேகத்தில்.

காலையில், வலைத்துணியில் மீனைத் தேய்த்துத்
தோல் உரிக்கையில், முணுமுணுப்பேன்:
கொமெரீயா, பெபெரீயா, பாகரீயா.
சாப்பிடுவேன், குடிப்பேன், கடன் அடைப்பேன்.
'என்ன லாமாரா, ஜெபமா?' என்பாள்
பக்கத்து முக்காலி ந்தேயே.

மேஸ்திரி ஃபெர்மினிடம்தான்
முதலில் அதை வேலைக்கு எடுத்தேன்.
'வேண்டும்' என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு,
திங்கட்கிழமை விடுப்புத் தர இயலுமா என்று
'போத்ரீயா' போட்டுக் கேட்டேன்.
தொப்பியைக் கழற்றினார், அவ்வளவு மரியாதை.
'தரீயா' என்றார். தருவேன்.
'பெரோ' என்றார். ஆனால்.
பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்தவர்.

சில சொற்கள் அடங்குவதில்லை.
தெனேர், 'தெனெரீயா' ஆகாது.
நடுவே இருந்த 'எ' எங்கோ போய்விட,
அந்த இடத்தில் ஒரு 'த்' வந்து நிற்கிறது:
தெந்த்ரீயா.
ஏன் என்று கேட்டான் கெபாப் கடை ஷம்ரேஸ்.
பெகோன்யா தோளைக் குலுக்கினாள்.
எனக்குத் தெரியும். எங்கள் மேசையிலும் அப்படித்தான்,
ஒருத்தி வராத நாளில் அவள் முக்காலி காலியாக இருக்காது.
அதே கத்தி, அதே கையுறை, அதே எண்.

'தூங்குவேன், வாங்குவேன், போவேன், சரி.
என்ன நடந்தால்?'
அதையும் ஷம்ரேஸ்தான் கேட்டான்.
'அது அடுத்த ஆண்டு' என்றாள். 'இரண்டாம் புத்தகம்.
சி என்று வரும். அதற்கு வேறொரு வினைவடிவம் வேண்டும், கடினம்.'
ஆம் என்பதற்கும் சி. நடந்தால் என்பதன் 'ஆல்' என்பதற்கும் சி.
எழுத்தில் ஒரு மீன்முள்தான் வித்தியாசம்.
இந்த ஆண்டு எங்களுக்கு 'ஆம்' மட்டும்.

ஆகவே பாதி வாக்கியங்களில் பேசினோம்.
ந்தேயே படகு வாங்குவாள், மஞ்சள் நிறத்தில்.
ஷம்ரேஸ் பல் கட்டிக்கொள்வான்.
ருமேனியச் சகோதரர் இருவரும்
ஞாயிறு முழுக்க ஒன்றுமே செய்யமாட்டார்கள்.
நான் குத்தாயிசிக்குப் போவேன்.
'இரீயா' சுலபமான சொல், அதனால் சொன்னேன்.
எப்படிப் போவாய் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்பதற்கான இலக்கணம் எவரிடமும் இல்லை.

வீட்டுப்பாடம் மூன்று வாக்கியம்.
பேருந்து நிறுத்தத்தில் முழங்கால்மேல் வைத்து எழுதினேன்.
மூன்றாவது:
முப்பத்தொரு வயதிருக்கும்.
தெந்த்ரீயா. 'த்' இருந்தது. கோடும் இருந்தது.

பெகோன்யாவின் பேனா நின்றது.
'யாருக்கு?'
'என் த்சோத்னேவுக்கு.'
'இதில் இரண்டு உண்டு' என்றாள், குரலைத் தாழ்த்தி.
'வயது சரியாகத் தெரியாதபோது
சுமாராக இத்தனை இருக்கும் என்பது ஒன்று.
இன்னொன்று...'
இன்னொன்றுக்குச் சி வேண்டும்.

'சுமாராக இல்லை' என்றேன். 'மார்ச் ஒன்பது.'

சிவப்புப் பேனா வாக்கியத்துக்கு முன்னால்
காலியாக இருந்த இடத்துக்குப் போனது.
அங்கே கொஞ்சநேரம் இருந்தது.
எழுதாமல் திரும்பி வந்தது.

பத்துக்கு ஒன்பது.
இரண்டாவது வாக்கியத்தில் பிழை:
ரொட்டி ஆண்பாலாம்.
எங்கள் ஊர் ரொட்டிக்கு
ஆண், பெண் கிடையாது.