நாலாம் தசமம்

அராலி தெற்கு, கிணறு நாற்பத்தொன்று.
புதுக் கணினி சொல்கிறது 0.4127.
பழைய தாளில் 0.4128.
"ஒரு உப்புக்கல்லுக்கும் காணாது, விடடி" என்றான் றெஜினோல்ட்.
விட்டிருக்கலாம்.

இப்போது இரவு ஒன்றரை. பலாலி வீதி.
ஆறிப்போன பிளேன்ரீ.
போன மாதம் வாங்கிய இயந்திரத்தில்
முப்பது வயதுத் தொகுப்பான் ஒன்றைக்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொகுப்பானைக் கட்டவும் தொகுப்பான் வேண்டும்.
இருக்கிற பதினான்கோ
2.7.2இன் முதல் பக்கத்திலேயே முகத்தைச் சுளிக்கிறது:
அறிவிக்காமல் கூப்பிட்ட பெயர்களாம்,
வகை சொல்லாத சார்புகளாம்.
அந்தக் காலத்தில் சும்மா கூப்பிட வந்திருக்கிறார்கள்.
ஆகவே பதினான்கைக் கொண்டு நாலு தசம் ஏழு,
அதைக் கொண்டு மூன்று தசம் நாலு,
அதைக் கொண்டு இன்னொன்று.
ஆளைத் தெரிந்த ஆளைத் தெரிந்த ஆளைப் பிடித்துக்
கச்சேரியில் கடிதம் எடுக்கிற மாதிரி.

பிறகு பழையது ஒரு பட்டியல் கேட்டது.
பிழைகளுக்கெல்லாம் பெயர் எழுதிய பட்டியல்.
புதிய நூலகத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.
பிழைகள் இருக்கின்றன, பட்டியல்தான் இல்லை.
நூற்றுச் சொச்சம் பெயர்களையும்
நானே இருந்து தட்டினேன்.
அப்படியொரு கோப்பு இல்லை.
இடம் போதாது.
இணைப்பு மறுக்கப்பட்டது.
அந்த வீட்டுக்குப் போக வழி இல்லை.

கோப்புகளின் திகதி தொண்ணூற்றைந்து நவம்பர்.
எங்கோ ஒருவர் ஒரு அரைப்புள்ளியைத் திருத்திச்
சேமித்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார்.
அந்த மாதம் இந்த வீதியில்
எரிக்க விளக்கும் இல்லை, அணைக்க ஆளும் இல்லை.
நான் கொடிகாமத்தில், ஒரு பள்ளிக்கூட வாங்கின் கீழே,
மூன்று வயது.
இதை எழுத நினைக்கவில்லை.
திகதி திரையில் நின்றது, அவ்வளவுதான்.

கட்டி முடிந்ததும் அது தன்னாலே தன்னைக் கட்டும்.
கட்டப்பட்டது மறுபடி தன்னைக் கட்டும்.
பின் இரண்டையும் பைட் பைட்டாய் ஒப்பிட வேண்டும்.
வித்தியாசம் இருந்தால்தான் வாய் திறக்கும்.
கேட்டுக்கொண்டிருந்தேன்.
காற்றாடிச் சத்தம் மட்டும்.

கணக்கை ஓட்டினேன்.
தலைப்பில் ஆண்டு 19125 என்று அடித்தது:
அதற்கு அந்த நூற்றாண்டு இன்னும் முடியவில்லை.
கிணறு நாற்பத்தொன்று: 0.4128.

ஒருவரும் பொய் சொல்லவில்லை.
பழையது, கணக்கு நடக்கிற வரைக்கும்
எண்பது பிட்டையும் கைக்குள் பொத்தி வைத்திருந்தது,
எழுதிவைக்கச் சொன்னால்தான் குறைத்தது.
புதியது அடிக்கு அடி
அறுபத்துநாலாக நறுக்கி நேராக்குகிறது.
சுத்தமான வேலை. எந்த இயந்திரத்திலும் ஒரே விடை.

றெஜினோல்ட்டுக்கு எல்லாவற்றையும் விளக்கி அனுப்பினேன்.
கொய்யாத்தோட்டத்தில் அவனும் படுக்கவில்லைப் போல.
"சரியடி, அப்ப அறிக்கையில எதைப் போடுறது?"

பக்கத்து வீட்டில் மோட்டர் போட்டுவிட்டார்கள்.
தாங்கிக்குத் தண்ணி ஏறுகிறது.
நாலாம் தசமத்தில்
சுட்டி துடித்துக்கொண்டு நிற்கிறது.