பதினொரு விழுக்காடு

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போதே பதினொன்று.
முதலில் புளூடூத்தைக் கொன்றேன்.
அப்புறம் இருப்பிடம்.
நான் எங்கிருக்கிறேன் என்பது
எனக்குத் தெரிந்தால் போதும்.

வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இழுத்தேன்.
கறுத்த திரையில் என் மூக்குத்தி தெரிந்தது.
டேட்டாவும் வேண்டாம்.
குடும்பக் குழுவின் காலை வணக்க ரோஜாக்கள்
அக்கரையிலேயே நிற்கட்டும்.

ஒன்பது.

பக்கத்தில் ஒரு சீனப் பையன்
சத்தமாகப் பந்தாட்டம் பார்க்கிறான்,
மடியில் செங்கல் கனத்தில் பவர்பேங்க்.
கேட்கலாம்தான்.
அவன் வயருக்கு வேறு வாய்.

சூடு பட்டால் சீக்கிரம் வடியுமாம்,
பாயான் லெப்பாஸ் ஆலையில் குணவதி சொல்வாள்.
வெயில் விழும் ஜன்னலிலிருந்து எடுத்து,
மீ கோரெங் பொட்டலத்திலிருந்தும் தள்ளி,
காய்ச்சல்காரப் பிள்ளைபோல்
கைக்குட்டையில் கிடத்தினேன்.
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
பார்த்த பார்வையிலேயே ஒன்று போனது.

எட்டு.

மூன்று வருஷம் பேசாத தங்கை
நேற்று ஒரே வரி அனுப்பியிருந்தாள்:
'இறங்கினதும் கூப்பிடு, வர்றேன்.'
அந்த ஒரு அழைப்புக்குத்தான்
இவ்வளவு கஞ்சத்தனம்.

ஜெட்டியில் இறங்கினேன். கூப்பிட்டேன்.
அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றாள்
மலாயில் ஒருத்தி, பிறகு ஆங்கிலத்தில்.
வழக்கமான கோபம் தொண்டைவரை வந்தது.

டாக்சி வரிசைக்குப் பின்னால் சுகிர்தா,
செத்த கைப்பேசியை
அடையாள அட்டைபோல் தூக்கிக் காட்டிக்கொண்டு.
எத்தனை ஃபெரியாக நிற்கிறாள், தெரியவில்லை.
ராத்திரியெல்லாம் எதைப் படித்து
அதைத் தீர்த்தாள் என்றும் கேட்கவில்லை.

"எங்கிட்ட இன்னும் ஏழு இருக்கு" என்றேன்.
"வச்சுக்கோ" என்று பையை வாங்கிக்கொண்டாள்.